ஒரதூர்-சுர்-க்லான்: ஒரு பிற்பகலுக்குப் பின் எண்பது ஆண்டுகள்

கேள்வி இது: 1944-ல் நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான ஜெர்மன் எஸ்.எஸ். ஒரே பிற்பகலில் அழித்த ஒரதூர்-சுர்-க்லான் என்ற பிரெஞ்சுக் கிராமத்தில் மிஞ்சியவர்கள் பிறகு எப்படி வாழ்ந்தார்கள்? அந்த ஊரை ஏன் இடிபாடாகவே வைத்திருக்கிறார்கள்? கொன்றவர்களுக்குத் தண்டனை கிடைத்ததா?

மூன்றும் தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் பதில் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கிறது. அந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஜூன் 10-ஐ மட்டும் விவரித்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் இடத்தையும் எலும்பையும் வழக்கையும் என்ன செய்வது என்று மற்றவர்கள் எடுத்த முடிவுகள்தான் ஊரின் மிச்ச வாழ்க்கையைத் தீர்மானித்தன என்பது என் கணிப்பு. அந்த முடிவுகளில் பெரும்பாலானவை பாரிஸில் எடுக்கப்பட்டவை.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரதூர், பிரான்ஸின் நடு மேற்கில், லிமோஜ் நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த சந்தை ஊர். லிமோஜிலிருந்து டிராம் வந்து போகும். சுற்றிலும் மேய்ச்சல் நிலமும் சின்னச் சின்னக் குடியிருப்புகளும். 1944 ஜூன் 10 சனிக்கிழமை, நார்மண்டியில் நேச நாட்டுப் படை இறங்கி நான்காம் நாள், பிற்பகல் 2 மணி அளவில் 'தாஸ் ரைஷ்' என்ற எஸ்.எஸ். டாங்கி டிவிஷனைச் சேர்ந்த 'டெர் ஃப்யூரர்' ரெஜிமென்டின் ஒரு கம்பெனி ஊரைச் சுற்றி வளைத்தது. அடையாளச் சீட்டுச் சோதனை என்று தமுக்கடித்துச் சந்தைத் திடலில் எல்லோரையும் கூட்டினார்கள். ஆண்களைப் பிரித்து, களஞ்சியம், கார் ஷெட், பட்டறை என்று ஆறு இடங்களில் அடைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் தேவாலயத்துக்குப் போனார்கள். 4 மணி அளவில் ஆண்களைச் சுட்டார்கள். கால்களைக் குறிவைத்து வீழ்த்திய பின் வைக்கோலும் விறகும் போட்டுக் கொளுத்தினார்கள். பிறகு தேவாலயத்துக்குள் புகை கக்கும் வெடிப்பெட்டியை வைத்து, துப்பாக்கியாலும் கையெறி குண்டாலும் முடித்து, அதற்கும் தீ வைத்தார்கள். வெண்கல மணி உருகிக் கீழே கட்டியாகக் கிடந்ததை இன்றும் பார்க்கலாம்.

இறந்தவர்கள் 643 பேர். அவர்களில் 200-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். தேவாலயத்திலிருந்து தப்பியவர் மார்கரித் ரூஃபான்ஷ் என்ற ஒரே பெண். பலிபீடத்துக்குப் பின்னுள்ள சன்னல் வழியாகக் குதித்தார். ஒரு களஞ்சியத்திலிருந்து ஐந்து ஆண்கள் பிழைத்தார்கள். சீருடையைக் கண்டதும் பள்ளிக்கூடத்தின் பின்பக்கமாக ஓடிய ஒரு சிறுவன், பதுங்கிக் கிடந்த சிலர், அன்று வெளியூர் போயிருந்தவர்கள், இவ்வளவுதான்.

ஒரதூரையே ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட பதில் இன்றுவரை கிடையாது. முந்தின நாள் லிமோஜுக்குக் கிழக்கே தலைமறைவுப் போராளிகள் ஒரு எஸ்.எஸ். அதிகாரியைப் பிடித்துப் போயிருந்தார்கள்; அதே நாளில் அதே டிவிஷன் தூல் நகரில் 99 ஆண்களைத் தூக்கிலிட்டிருந்தது. ஒரதூரில் போராளிகளின் முகாம் எதுவும் இல்லை. கிழக்குப் போர்முனையில் இந்த டிவிஷன் பழகிக்கொண்ட முறையையே பிரான்ஸிலும் செய்தது என்று ஆய்வாளர்கள் சொல்வதைத்தான் நான் ஏற்கிறேன். அருகில் எதிர்ப்பு இருந்தால் போதும், ஓர் ஊரை உதாரணமாக்கிச் சுற்று வட்டாரத்தை அடக்கிவிடலாம் என்பது அந்த முறை. அதற்கு அந்த ஊர் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை.

இனி, பின்விளைவு. ஊர் முழுக்க அழிந்தது என்று சொன்னால் பாதி உண்மைதான். ஊராட்சி எல்லைக்குள் இருந்த சுற்றுக் குடியிருப்புகளில் பலருக்கு அன்று எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்நாளில் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு வாராந்தர விடுமுறை வியாழன். சனிக்கிழமை பாடம் உண்டு. அதனால் சுற்றுக் குடியிருப்புப் பிள்ளைகள் எல்லாம் காலையில் நடந்து பள்ளிக்குப் போயிருந்தார்கள். வயலில் நின்ற பெற்றோர் மிஞ்சினார்கள், பிள்ளைகள் மிஞ்சவில்லை. மாலையில் பிள்ளையைத் தேடி ஊருக்குள் போன சில தாய் தகப்பன்களும் திரும்பவில்லை. ஒரு விவசாயச் சமூகத்துக்கு இதன் பொருள் கடுமையானது. வீடும் நிலமும் மாடும் இருக்கின்றன. ஆனால் ஏர் பிடிக்க அடுத்த தலைமுறை இல்லை. பிறகு 1950-களில் அந்தப் பகுதியில் இருபது வயதுக்காரர்கள் எங்கே என்று கேட்டால் பதில் கல்லறைப் பட்டியலில்தான் இருந்தது. மக்கள்தொகைக் கணக்கில் இப்படிப்பட்ட வெட்டு ஒருமுறை விழுந்தால், அது திருமண வயதிலும் பிறகு பிறப்பு எண்ணிக்கையிலும் மறுபடி மறுபடி தலைகாட்டும்.

அடுத்தது உடல்கள். படையினர் 11, 12 தேதிகளில் திரும்பி வந்து பெருங்குழிகள் வெட்டி உடல்களைத் தள்ளிப் புதைத்தார்கள். யார் யார் என்று கண்டுபிடிக்க முடியாமல் செய்வதே நோக்கம். அவர்கள் போன பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தாரும் சுகாதாரக் குழுவினரும் குருமட மாணவர்களும் தோண்டி எடுத்ததில் அடையாளம் தெரிந்தவர்கள் ஐம்பது சொச்சம் பேர்தான். மீதி சாம்பலும் எலும்புத் துண்டும் பொதுவில் அடக்கம் செய்யப்பட்டன. தன் பிள்ளைக்குத் தனியாக ஒரு கல்லறை வைக்க முடியாத பெற்றோர்தான் அந்த ஊரில் பெரும்பான்மை. கல்லறைத் தோட்டத்தில் குடும்பக் கல்லறைகளின் மேல் பீங்கானில் பதித்த புகைப்படங்கள் வரிசையாக இருக்கும். கீழே உடல் இல்லாத இடத்தில் படம் வைத்து அடையாளம் செய்துகொண்டார்கள்.

உடல் இல்லை என்றால் சட்டப்படி மரணமும் இல்லை. நகர மன்றக் கட்டடமும் ஆவணங்களும் எரிந்திருந்தன. ஒவ்வொருவரின் மரணத்தையும் நீதிமன்றத் தீர்ப்பின் வழியாக அறிவித்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டி வந்தது. நெடுங்காலம் 642 என்று சொல்லப்பட்ட எண்ணிக்கை நேரில் எண்ணிப் பார்த்துக் கிடைத்தது அல்ல. பட்டியலிலிருந்தும் தீர்ப்பிலிருந்தும் வந்தது. அதனால்தான் அதில் ஓட்டை இருந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலிருந்து அகதிகளாக வந்து அங்கே தங்கியிருந்த குடும்பங்களில் ஒரு பெண்மணியின் பெயர் விடுபட்டுப் போனது, ஆவணங்களைத் துருவிய ஆய்வாளர் ஒருவரால் வெளிவந்து, 2020-ல்தான் 643 ஆனது. பெயர் விடுபடுவது எப்போதும் யாருக்காகப் பேச ஆள் இல்லையோ அவர்களுக்குத்தான் நடக்கிறது. உள்ளூர்க் குடும்பத்துக்கு உறவினர் வந்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்வார். குடும்பத்தோடு இறந்த அகதிக்கு யார் வருவார்?

சொத்து விஷயம் இன்னும் சிக்கல், இதைப் பற்றி அதிகம் எழுதப்படுவதும் இல்லை. ஒரு குடும்பமே ஒரே நாளில் இறந்தால் வாரிசு யார் என்பது, யார் முதலில் இறந்தார் என்பதைப் பொறுத்தது. அப்போது நடப்பில் இருந்தது 1804-ன் நெப்போலியன் சிவில் சட்டம். ஒருவருக்கொருவர் வாரிசானவர்கள் சேர்ந்து இறந்தால் முதலில் சம்பவச் சூழலைப் பார்க்க வேண்டும். அது தெரியாவிட்டால் வயதையும் பாலினத்தையும் வைத்து ஊகிக்க வேண்டும் என்றது அது. எல்லோரும் 15 வயதுக்குக் கீழ் என்றால் மூத்தவரே பிந்தி இறந்ததாகக் கொள்ள வேண்டும். எல்லோரும் 60-க்கு மேல் என்றால் இளையவர். இடைப்பட்ட வயதில் ஆணும் பெண்ணுமாக இருந்து வயது வித்தியாசம் ஓராண்டுக்குள் இருந்தால் ஆண் பிந்தி இறந்தவர். இந்த விதி 2000-களின் தொடக்கம் வரை நீடித்தது. இதில் பெரிய ஓட்டை என்னவென்றால், 15-க்குக் கீழான பிள்ளையும் நடுவயதுத் தாயும் சேர்ந்து இறந்தால் என்ன என்பதைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. ஒரதூர் தேவாலயத்தில் இருந்தவர்களோ பெரும்பாலும் தாயும் பிள்ளையும்.

ஏன் இது முக்கியம்? தாய் முதலில், பிள்ளை பிறகு என்றால் தாயின் நிலம் பிள்ளைக்குப் போய், பிள்ளையிடமிருந்து தகப்பன் வழிக்குப் பாதியும் தாய் வழிக்குப் பாதியுமாகப் பிரியும். பிள்ளை முதலில் என்றால் தாய் வீட்டாருக்கே போகும். ஒரே புல்வெளிக்கு இரண்டு குடும்பங்கள் உரிமை கோரலாம், இரண்டும் துக்க வீடுகள். எந்தப் பேரழிவிலும் பிழைத்தவர்கள் தங்களுக்குள் பேசாமல் போவதற்கு இப்படிப்பட்ட காரணங்கள் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதைத் துக்கத்தின் மௌனம் என்று எழுதிவிடுவார்கள்.

இடிபாட்டுக்கு வருவோம். அப்படியே வைத்திருப்பது என்ற யோசனை 1944 இலையுதிர் காலத்திலேயே எழுந்துவிட்டது. 1945 மார்ச்சில் அப்போதைய இடைக்கால அரசின் தலைவர் டி கோல் வந்தார். நாடு முழுவதற்கும் நேர்ந்ததன் சின்னமாக இந்த ஊர் இருக்கும் என்பது அவருடைய நிலைப்பாடு. 1946 மே மாதம் ஒரு சட்டத்தின் மூலம் சுமார் 15 ஹெக்டேர் இடிபாடு வரலாற்றுச் சின்னமானது. நிலத்தை அரசு கையகப்படுத்தியது. பக்கத்திலேயே புது ஊர் கட்டுவது என்று முடிவாகி, 1947 ஜூன் 10 அன்று குடியரசுத் தலைவர் வென்சான் ஓரியோல் அடிக்கல் நாட்டினார். அதுவரை, அதற்குப் பின்னும் சில ஆண்டுகள், திரும்பி வந்தவர்கள் மரக் கொட்டகைகளில் இருந்தார்கள். வேலை முடிய 1953 ஆயிற்று.

இந்த முடிவில் அரசுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்ஸ் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஜெர்மனிக்கு இணங்கி நடந்த விஷி ஆட்சியோடு ஒத்துழைத்தவர்கள் ஏராளம். ஒரதூரில் யாரும் ஆயுதம் எடுக்கவில்லை, யாரும் ஒத்துழைக்கவும் இல்லை. எந்தப் பக்கத்துக்காரரும் கேள்வி கேட்க முடியாத தியாகி ஊர் தேவைப்பட்டது. ஆனால் பிழைத்தவர்களுக்கு அதற்கான விலை என்ன? தினமும் வீட்டுக் கதவைத் திறந்தால் தெரிவது தன் குடும்பம் எரிந்த இடம்.

மாயே என்ற ஊரை ஒப்பிட்டால் இது விளங்கும். பாரிஸ் விடுதலையான அதே 1944 ஆகஸ்ட் 25-ல், தூர் நகருக்குத் தெற்கே உள்ள அந்தக் கிராமத்தில் ஜெர்மன் படையினர் 124 பேரைக் கொன்றார்கள். அங்கே இடிபாட்டை வைத்துக்கொள்ளவில்லை. அதே இடத்தில், ஓர் அமெரிக்கத் தம்பதியரின் உதவியோடும் சேர்த்து, வீடுகளைக் கட்டிக் குடியேறினார்கள். வாழ்க்கை சீக்கிரம் திரும்பியது. ஆனால் நாடு அந்த ஊரை அறவே மறந்தது. நினைவகம் 2006-ல்தான் வந்தது. குடியரசுத் தலைவர் ஒருவர் முதன்முதலாக நினைவு நாளுக்கு வந்தது 2008-ல். ஒரதூர் நினைக்கப்பட்டு மூச்சு முட்டியது, மாயே மூச்சு விட்டு மறக்கப்பட்டது. எது நல்லது என்று வெளியாள் தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்த வழியில் போனாலும் உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுச் செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லலாம். ஒரதூரில் கேட்டார்கள், ஆனால் திசை முன்பே தீர்மானமாகியிருந்தது.

புது ஒரதூரின் தோற்றமே துக்க ஊர் போலத்தான் இருந்தது. ஒரே மாதிரியான சாம்பல் நிற வீடுகள், தேவைக்கு மீறி அகன்ற தெருக்கள். இறந்தோர் குடும்பங்களின் சங்கம் ஊரில் பெரும் செல்வாக்குப் பெற்றது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஊரில் நடனம் இல்லை, திருவிழா இல்லை; கல்யாணமும் ஞானஸ்நானமும் ஆரவாரம் இல்லாமல் நடந்தன. சட்டம் போட்டு யாரும் தடுக்கவில்லை. தெருவில் சிரித்தால் எந்தச் சன்னலுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தெரியும், அவ்வளவே போதும். ஆட விரும்பிய இளைஞர்கள் பக்கத்து ஊர்களுக்குப் போனார்கள். கொலைக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு இறந்துபோன அண்ணன் அக்காள்களின் படங்களுக்குக் கீழே வளர்வது ஒரு தனிச் சுமை. போர்ச் சேத இழப்பீட்டின்படி, இடிந்த வீட்டுக்குப் பதில் புது வீடு என்ற உரிமை வாரிசுகளுக்குச் சென்றது. வாரிசுகளில் பலர் வெளியூர்க்காரர்கள். இதனால் புது ஊரில் அந்த நாளோடு எந்தத் தொடர்பும் இல்லாத குடும்பங்களும் குடியேறின. துக்கக் கட்டுப்பாடு அவர்களுக்கும் சேர்த்துத்தான். 1960-களில்தான் மெல்லத் தளர்ந்தது.

இப்போது வழக்கு. ஊரை உண்மையில் உடைத்தது இது என்பேன்.

படையை நடத்தி வந்த அடோல்ஃப் டீக்மன் அதே மாதக் கடைசியில் நார்மண்டியில் செத்துப் போனார். டிவிஷன் தளபதி ஹைன்ஸ் லாமர்டிங்கை, தூல் கொலைகளுக்காக பிரெஞ்சு நீதிமன்றம் அவர் இல்லாமலேயே மரண தண்டனைக்கு உள்ளாக்கியது. மேற்கு ஜெர்மனி ஒப்படைக்கவில்லை, அவர் டுசெல்டோர்ஃபில் தொழில் நடத்தி 1971-ல் இயற்கையாக இறந்தார். ஆக, 1953 ஜனவரி 12 அன்று போர்தோ ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்கள் அடிமட்டக்காரர்கள், 21 பேர். அதில் 7 பேர் ஜெர்மானியர். மீதி 14 பேர் ஜெர்மன் எல்லையோரப் பிரெஞ்சுப் பகுதியான அல்சாஸைச் சேர்ந்தவர்கள், அதாவது பிரெஞ்சுக் குடிமக்கள்.

அல்சாஸையும் அதன் அண்டைப் பகுதியான மொசேலையும் 1940-ல் ஹிட்லர் ஜெர்மனியோடு இணைத்துக்கொண்டார். 1942 ஆகஸ்டிலிருந்து அங்குள்ள இளைஞர்களை ஜெர்மன் படையில் கட்டாயமாகச் சேர்த்தார்கள். மொத்தம் சுமார் 1,30,000 பேர். ஓடிப்போனால் குடும்பத்தை நாடு கடத்துவார்கள். போர்தோவில் நின்ற 14 பேரில் 13 பேர் இப்படிச் சேர்க்கப்பட்டவர்கள். அன்று சிலருக்கு 17, 18 வயது. ஒருவர் மட்டும் தானாகச் சேர்ந்தவர்.

ஒரதூருக்கு இவர்கள் சுட்டவர்கள். அல்சாஸுக்கு இவர்கள் பலிகள். இரண்டு பக்கமும் பொய் இல்லை என்பதுதான் இந்த வழக்கின் கொடுமை. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு: ஒரதூரில் இறந்தவர்களிலேயே அல்சாஸிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் இருந்தார்கள். லொரேன் பகுதியின் சார்லி கிராமத்திலிருந்து விரட்டப்பட்டு இங்கே தஞ்சம் புகுந்தவர்களும் குடும்பம் குடும்பமாக இறந்ததால், அந்தக் கிராமம் தன் பெயரையே சார்லி-ஒரதூர் என்று மாற்றிக்கொண்டது.

சட்ட நிலையும் நடுவழியில் மாறியது. போர்க்குற்றம் செய்த பிரிவில் இருந்தாலே குற்றவாளி, தான் செய்யவில்லை என்று அவரே நிரூபிக்க வேண்டும் என்று 1948 செப்டம்பரில் ஒரு கூட்டுப் பொறுப்புச் சட்டம் வந்திருந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, அல்சாஸின் அழுத்தத்தால், ஜனவரி கடைசியில் நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. பிப்ரவரி 13-ல் தீர்ப்பு. ஜெர்மானியரில் ஒருவருக்கும் தானாகச் சேர்ந்த அல்சாஸ்காரருக்கும் மரண தண்டனை. கட்டாயத்தில் சேர்ந்தவர்களுக்கு 5 முதல் 12 ஆண்டுகள் வரை. ஒரதூருக்கு இது போதவில்லை, அல்சாஸுக்கு இது மிகை. அல்சாஸின் தலைநகரான ஸ்ட்ராஸ்பூர்கில் போர் நினைவுச் சின்னத்தைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். நாடு பிளந்துவிடுமோ என்று பயந்த நாடாளுமன்றம் ஒரே வாரத்தில் பொதுமன்னிப்புச் சட்டம் போட்டது: ஆதரவாக 319, எதிராக 211. பிப்ரவரி 21-க்குள் 13 பேரும் வீடு திரும்பிவிட்டார்கள். மரண தண்டனை பெற்ற இருவரும்கூட 1959-ல் வெளியே வந்தார்கள்.

ஊரின் பதிலடியில் அழுகை குறைவு, கணக்கு அதிகம். அரசு கொடுத்த போர்ச் சிலுவைப் பதக்கத்தையும் லெஜியோன் தோனர் விருதையும் திருப்பிக் கொடுத்தார்கள். மன்னிப்புக்கு ஆதரவாக வாக்களித்த 319 உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலைப் பலகையில் எழுதி இடிபாட்டு வாசலில் நட்டார்கள். அது 1960-களின் நடுப்பகுதி வரை அங்கேயே நின்றது. இறந்தவர்களின் சாம்பலை வைக்க அரசு நிலத்தடியில் ஒரு நினைவு மண்டபம் கட்டியிருந்தது. அரசு கட்டிய இடத்தில் எங்கள் பிள்ளைகளின் சாம்பல் வராது என்று குடும்பங்கள் மறுத்து, கல்லறைத் தோட்டத்தில் தங்கள் சொந்தச் செலவில் தனிச் சமாதி எழுப்பி அதில் வைத்தார்கள். அரசு மண்டபம் காலியாக இருந்து, 1974-ல்தான் கருகிய மூக்குக் கண்ணாடி, நின்றுபோன கைக்கடிகாரம் போன்ற பொருட்களின் காட்சியிடமாகத் திறந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி வரை ஆண்டு நினைவு நாளுக்கு அரசுப் பிரதிநிதிகளை ஊர் அழைக்கவில்லை. இன்றைக்குப் போகிறவர்கள் ஏன் ஒரே ஊரில் இரண்டு நினைவிடங்கள் என்று குழம்புவது இதனால்தான். ஒன்று அரசினுடையது, மற்றது மக்களுடையது.

மன்னிப்பு தவறா? பிரான்ஸைப் பொறுத்தவரை அதற்கு நியாயம் உண்டு என்று வாதாடலாம். ஆனால் செய்த விதம் தவறு. முழுத் தண்டனையையும் ரத்துச் செய்யாமல், ஒவ்வொருவர் அன்று எங்கே நின்றார், என்ன செய்தார் என்பதைப் பதிவில் வைத்துவிட்டுத் தண்டனையை மட்டும் குறைத்திருக்கலாம். சட்டப்படி பொதுமன்னிப்பு குற்றத்தையே இல்லாததாக்குகிறது. இழந்தவர்களுக்கு வலித்தது சிறைவாசம் குறைந்தது அல்ல. நடந்தது நடக்காததாகக் காகிதத்தில் மாறியது.

இதன் வால் நீளமானது. கிழக்கு ஜெர்மனியில் பிடிபட்ட பிளட்டூன் தலைவர் ஹைன்ஸ் பார்த்துக்கு 1983-ல் கிழக்கு பெர்லினில் ஆயுள் தண்டனை. ஜெர்மனி இணைந்த பின் உடல்நலம் காட்டி 1997-ல் விடுதலை. 2014-ல் கொலோன் நீதிமன்றம், தொண்ணூறை நெருங்கிய இன்னொருவர் மீதான வழக்கைப் போதிய ஆதாரம் இல்லை என்று தொடங்கவே மறுத்தது. பிழைத்த ஐவரில் ஒருவரான ரொபேர் எப்ராஸ், அல்சாஸ்காரர்கள் உண்மையிலேயே கட்டாயத்தால்தான் சேர்ந்தார்களா என்று ஐயப்படும் விதமாக எழுதியதற்காக அல்சாஸ் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2012-ல் கொல்மார் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, 2013-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. எரியும் களஞ்சியத்திலிருந்து வெளியே வந்தவர் தொண்ணூறை நெருங்கும் வயதில் நீதிமன்றத்தில் பிரதிவாதி. ஆனால் அதே எப்ராஸ்தான் 2013 செப்டம்பரில் பிரெஞ்சு, ஜெர்மன் குடியரசுத் தலைவர்கள் சேர்ந்து வந்தபோது அவர்களோடு தேவாலயத்துக்குள் நடந்தார். ஒரதூரும் ஸ்ட்ராஸ்பூர்கும் 1990-களின் இறுதியிலேயே மேயர்கள் பரஸ்பரம் போய்வரும் அளவுக்கு நெருங்கியிருந்தன. கொலையிலிருந்து தப்பியவர்களில் கடைசியாக மிஞ்சியிருந்த எப்ராஸ் 2023 பிப்ரவரியில் 97 வயதில் காலமானார்.

சாட்சிகள் போன பிறகு மறுப்பாளர்களுக்கு வாய் நீள்கிறது. தேவாலயத்துக்குள் போராளிகள் பதுக்கிய வெடிமருந்து தானாக வெடித்தது என்பது அவர்கள் பழைய கதை. 1953 வழக்கிலேயே குற்றவாளிகள் தங்கள் வாயால் சொன்னதும், சுவர்களிலும் உலோகப் பொருட்களிலும் இருக்கும் துப்பாக்கிக் குண்டுத் துளைகளும் அதைப் பொய்யாக்கிவிட்டன. இருந்தும் 2020 ஆகஸ்டில் நினைவு மையத்தின் சுவரில் 'தியாகி' என்ற சொல்லை அடித்து 'பொய்யன்' என்று எழுதிவைத்தார்கள்.

இடிபாட்டைப் பாதுகாப்பதும் நினைப்பது போல் சும்மா விட்டுவைக்கும் வேலை இல்லை. கூரை இருக்கும்போது சுவருக்கு மேலிருந்து தண்ணீர் இறங்காது. கூரை போனதும் கல்லுக்கு நடுவில் உள்ள சாந்தை மழை கரைக்கும். குளிர்காலத்தில் உள்ளே புகுந்த நீர் உறைந்து விரிந்து கல்லை நெம்பும். ஐவிக் கொடி வேர்விட்டுப் பிளக்கும். சுவர் உச்சியில் சுண்ணாம்புச் சாந்தால் மூடி போட்டு, அடிக்கடி பழுது பார்க்க வேண்டும். சிமென்ட் போடக்கூடாது: அது கல்லைவிடக் கடினம், ஈரத்தை உள்ளே பூட்டிவிடும், பிறகு சுவரின் முகமே பெயர்ந்து விழும். இரும்பு இன்னும் மோசம். தையல் இயந்திரங்கள், கட்டில் சட்டங்கள், திடலில் நிற்கும் கார் எல்லாம் துருவேறிக்கொண்டே இருக்கின்றன. துருவைத் தடுக்கும் பூச்சுப் பூசினால் பளபளப்பாகி எரிந்த பொருளின் தோற்றம் போய்விடும். 1944-ன் கரிய சுவர்களை எண்பது ஆண்டு மழை கழுவிவிட்டது. புல்லை ஒழுங்காக வெட்டிப் பராமரிப்பதால் இடம் அமைதியான பூங்கா போலாகிவிட்டது என்று முதியவர்கள் குறை சொன்னதுண்டு. அந்தக் குறை நியாயமானது. வெட்டாமல் விட்டால் பத்தே ஆண்டில் காடு. தேவாலயச் சுவர்களுக்குப் பெரிய அளவில் வேலை தேவைப்பட, செலவை அரசு மட்டும் ஏற்பதா நன்கொடையும் திரட்டுவதா என்ற விவாதம் சமீப ஆண்டுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. நிலம் அரசுடையது, பொறுப்பும் அரசுடையது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். 1946 சட்டத்தைப் படித்தால் அவர்கள் சொல்வதுதான் சரி.

ஊராட்சியில் இன்று சுமார் 2,500 பேர் இருக்கிறார்கள். லிமோஜுக்கு வேலைக்குப் போய்வரும் சாதாரண ஊர். இடிபாட்டுக்கு ஆண்டுக்கு மூன்று லட்சம் பேர் வரை வருகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: 1999-ல் திறந்த நினைவு மையத்தின் வழியாகத்தான் இடிபாட்டுக்குள் நுழைய வேண்டும். இடிபாட்டுக்குக் கட்டணம் இல்லை, மையத்தின் நிரந்தரக் கண்காட்சிக்கு உண்டு. குளிர்கால நடுவில் சில வாரங்கள் மூடியிருக்கும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் தேவாலயம் வரை நடந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கல்லறைத் தோட்டத்துக்கும் கட்டாயம் போங்கள். குடும்பங்கள் கட்டிய சமாதி அங்கேதான் இருக்கிறது, அரசின் நிலத்தடி மண்டபம் அதன் அருகிலேயே. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் 1953-ல் நடந்த சண்டை புரியும். பிறகு புது ஊரில் ஒரு காப்பிக் கடையில் உட்காருங்கள், ஆனால் கடைக்காரரிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்காதீர்கள். வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.